தள்ளுவது ஷவல், வெட்டுவது மம்பட்டி: சில ஆங்கிலச் சொற்களின் வேர்

'ஷவல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பல அகராதிகளில் 'மண்வெட்டி' என்று பொருள் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. மண்வெட்டியை ஓங்கி மண்ணில் வெட்டி நம்மை நோக்கி இழுக்கிறோம். ஷவலைக் குவியலுக்கு அடியில் செலுத்தி, முன்னே தள்ளி, அள்ளித் தூக்கிப் போடுகிறோம். இரண்டிலும் விசை போகும் திசை நேர் எதிர். இந்தத் திசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஷவ், ஷவல், ஷஃபிள், ஸ்கஃபிள், ஸ்பேட், ஹோ என்று மாணவர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் குழப்பும் ஒரு பெரிய சொற்கூட்டம் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் 'தள்ளு'

'ஷவ்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் முரட்டுத்தனமாகத் தள்ளுவது. கூட்டத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு போவது ஷவ். பேப்பரை மடிக்காமல் கொள்ளாமல் மேசை டிராயருக்குள் திணிப்பதும் ஷவ்தான். ஆனால் ஏறத்தாழ 1100-க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு முரட்டுத்தனம் எதுவும் கிடையாது. அப்போது அதன் உச்சரிப்பு ஏறக்குறைய 'ஷூவன்'. எதைத் தள்ளினாலும் அந்தச் சொல்தான். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வீரர்கள் தங்கள் கப்பலைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிவிடும் இடத்தில் வருவதும் இதே வினை.

முரட்டுத்தனம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? பிரெஞ்சிலிருந்து 'புஷ்' வந்ததுதான் காரணம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. 1300 வாக்கில் நுழைந்த புஷ் அவற்றில் ஒன்று. அதன் மூலம் லத்தீன் 'புல்சாரே', அடிப்பது, இடிப்பது என்று பொருள். நாடித்துடிப்பைக் குறிக்கும் 'பல்ஸ்' கூட இதற்கு உறவுதான். வந்த சொல் பொதுவான தள்ளுதலை எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரச் சொல்லான ஷவ் வலுவான, மரியாதையில்லாத தள்ளுதலோடு ஒதுங்கிவிட்டது. அதனால்தான் கடைக் கதவில் 'புஷ்' என்று எழுதுகிறார்கள், 'ஷவ்' என்று எழுதுவதில்லை. ஒரு கோரிக்கையை அதிகாரிகளிடம் தொடர்ந்து வலியுறுத்தினாலும் அது புஷ்தான். அங்கே ஷவ் போட்டால் கைகலப்பு நடந்ததாகப் படிப்பவர் நினைப்பார்.

படகுக்காரர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. கரையைக் கம்பாலோ துடுப்பாலோ ஊன்றித் தள்ளிப் படகை நகர்த்துவது 'ஷவ் ஆஃப்'. அது பிற்பாடு பேச்சுவழக்கில் 'கிளம்பு' என்றாகி, கோபத்தில் சொன்னால் 'இடத்தைக் காலி பண்ணு' என்றும் ஆனது. 'வென் புஷ் கம்ஸ் டு ஷவ்' என்ற அமெரிக்கத் தொடரும் இப்போது எளிதாகப் புரியும்: மெல்லத் தள்ளுவது போய் முட்டித் தள்ளும் நிலை வந்தால், அதாவது பேச்சு முடிந்து செயலில் இறங்கியே தீர வேண்டும் என்ற கட்டம் வந்தால்.

வினையிலிருந்து கருவி

தமிழில் வினையோடு ஓர் இகரம் சேர்த்துக் கருவிக்குப் பெயர் வைக்கிறோம்: சுரண்டு, சுரண்டி, துருவு, துருவி, வெட்டு, மண்வெட்டி. ஜெர்மானிய மொழிகளில் அந்த வேலையைச் செய்தது 'எல்' என்ற ஈறு. தள்ளுவதற்கான கருவி ஷவ்-எல், அதுவே ஷவல். இதே அச்சில் வார்த்த சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய. நூற்பதற்கு 'ஸ்பின்', நூற்கும் கதிருக்கு 'ஸ்பிண்டில்'. மிதிப்பதற்கு 'டிரெட்', தையல் இயந்திரத்தின் மிதிபலகைக்கு 'டிரெடில்'. நீர்மத்தை மொள்ளுவதற்கு 'லேட்', அகப்பைக்கு 'லேடில்'. இன்று இந்த ஈற்றைச் சேர்த்து யாரும் புதுச் சொல் உண்டாக்குவதில்லை. ஆனால் பழைய கருவிகளின் பெயர்களில் அது அப்படியே உறைந்து கிடக்கிறது.

எழுத்துக்கூட்டல் பலருக்கும் தொல்லை தருகிறது. ஷவல் என்ற சொல்லில் எழுதுவது 'ஓ', உச்சரிப்பது 'அ'. லவ், க்ளவ், அபவ் எல்லாமே இப்படித்தான். இடைக்காலத்தில் 'யு', 'வி' இரண்டும் ஒரே எழுத்தாக இருந்தன. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒரே மாதிரியான குச்சிகள் வரிசையாக நின்று படிக்க முடியாமல் போகும். அதைத் தவிர்க்க எழுத்தர்கள் முதல் குச்சிக் கூட்டத்தை 'ஓ' என்று வட்டமாக எழுதினார்கள். எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை. ஆகவே இந்தச் சொல்லை 'ஷோவல்' என்று படிப்பது தவறு.

ஷ என்று தொடங்குவதும் ஸ்க என்று தொடங்குவதும்

பழைய ஆங்கிலத்தில் 'எஸ்-சி' என்று எழுதிய கூட்டெழுத்து காலப்போக்கில் 'ஷ' என்று மென்மையானது. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியில் அது 'ஸ்க' என்றே நின்றது. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறிய பின் ஒரே வேரின் இரண்டு வடிவங்களும் ஆங்கிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழத் தொடங்கின. 'ஷர்ட்', 'ஸ்கர்ட்' இணை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். தள்ளு என்ற வேரிலும் இதைப் பார்க்கலாம். ஷ பக்கத்தில் ஷவ், ஷவல், ஷஃபிள். ஸ்க பக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்க்கும் 'ஸ்கஃப்', ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கட்டிப்புரளும் 'ஸ்கஃபிள்'. இந்த இரண்டும் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். சுவீடிஷில் 'ஸ்குஃபா' என்றால் இன்றும் தள்ளு.

ஷஃபிள், ஸ்கஃபிள் இரண்டின் கடைசியிலும் ஓர் 'இல்' ஒலிக்கிறது. இதை ஷவலின் ஈற்றோடு சேர்த்துவிடக் கூடாது, ஆரம்பத்தில் படிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஷவலின் ஈறு கருவியைக் காட்டுகிறது. ஷஃபிளின் ஈறு ஒரே செயல் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுகிறது: ஒரு பொறி 'ஸ்பார்க்', பல பொறிகள் மின்னினால் 'ஸ்பார்க்கிள்', ஒரு முறை வெடிப்பது 'க்ராக்', படபடவென வெடித்தால் 'க்ராக்கிள்'. அதேபோல் ஒரு முறை தள்ளினால் ஷவ். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துத் தள்ளி நடந்தால் ஷஃபிள். சீட்டுக் கட்டை ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிக் கலைப்பதும் ஷஃபிள்.

கப்பல் தளங்களில் ஆடும் 'ஷஃபிள்போர்ட்' விளையாட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். பதினாறாம் நூற்றாண்டில் இது மேசைமேல் நாணயத்தைத் தள்ளி ஆடும் ஆட்டம்; பெயரும் 'ஷவ்போர்ட்', தள்ளுபலகை. நான்கு பென்ஸ் மதிப்புள்ள 'க்ரோட்' என்ற வெள்ளிக்காசைத் தள்ளினால் 'ஷவ்-க்ரோட்'. பின்னர் யாரோ சொல்லை 'ஷவல்போர்ட்' ஆக்கினார்கள், அதுவும் திரிந்து ஷஃபிள்போர்ட் ஆனது. அதில் ஷவலுக்கும் வேலை இல்லை, கலைப்பதற்கும் வேலை இல்லை. தள்ளுவது மட்டுமே உண்டு.

ஜெர்மன் கற்பவர்களுக்கு இந்த வேர் ஒரு புதையல். அங்கே தள்ளுவது 'ஷீபன்', ஷவல் 'ஷௌஃபல்', தள்ளித் திறக்கும் மேசை டிராயர் 'ஷூப்லாடே', ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி 'ஷூப்கார்ரே'. ஒரு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது 'ஔஃப்ஷீபன்'. நாமும் அதைத் தள்ளிப்போடுவது என்றுதானே சொல்கிறோம்!

கையில் எடுத்துப் பார்த்தால்

ஷவலையும் ஸ்பேடையும் எப்படிப் பிரித்தறிவது? கடையில் கருவியைத் தரையில் கிடத்திப் பாருங்கள். தகடு தரையோடு படிந்திருக்க, கைப்பிடி சாய்வாக இடுப்பை நோக்கி எழுந்தால் அது ஷவல். தகடும் கைப்பிடியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் படுத்துக்கொண்டால் ஸ்பேட். ஷவலின் தகடு குழிந்திருக்கும், ஓரங்கள் மேலே மடிந்திருக்கும், அள்ளியது வழியக் கூடாது என்பதற்காக. ஸ்பேடின் தகடு ஏறக்குறைய தட்டை, முனை நேர்கோடு, மேல்விளிம்பில் காலை வைத்து அழுத்த ஒரு மடிப்பு. ஸ்பேட் செங்குத்தாக இறங்கி மண்ணை அறுக்கிறது. ஷவல் படுக்கையாக நுழைந்து உதிரியை அள்ளுகிறது. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் தோண்டும் கருவியையும் ஷவல் என்றே பொதுவாகச் சொல்வார்கள். கூர்முனை கொண்ட ஷவல் அங்கே தோண்டவும் பயன்படும்.

ஜல்லிக் குவியலை ஷவலால் மேலிருந்து குத்தினால் தகடு இரண்டு விரற்கடைகூட இறங்காது. கற்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். அடியில் சிமென்ட் தரையோ பலகையோ இருந்தால் தகட்டை அதன்மேல் வழுக்கவிட்டு, தொடையால் கைப்பிடியின் முனையைத் தாங்கி முன்னே தள்ள வேண்டும். மேலே இருக்கும் ஜல்லி தானாகச் சரிந்து தகட்டில் விழும். இதற்குச் சதுர வாய் ஷவல் பொருத்தம். அதே சதுர வாயை இறுகிய மண்ணில் போட்டால் உள்ளே போகாது, அங்கே வட்டக் கூர்முனை வேண்டும். வேரையோ கல்லையோ நெம்ப ஷவலைக் கடப்பாரையாகப் பயன்படுத்தினால், மரக்கைப்பிடி தகட்டோடு சேரும் குழலின் வாயருகே முறியும். தள்ளுவதற்கென்று செய்த கருவியை நெம்புவதற்குப் பயன்படுத்தினால் வரும் விளைவு அது.

எவ்வளவு அள்ள வேண்டும் என்பதையும் ஒருவர் அளந்து பார்த்தார். பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில், 1898-க்குப் பிறகான சில ஆண்டுகளில். அங்கே தொழிலாளர்கள் ஒரே ஷவலால் லேசான பொடி நிலக்கரியையும் கனமான இரும்புத் தாதுவையும் அள்ளினார்கள். நிலக்கரி என்றால் ஒரு அள்ளுக்கு மூன்று நான்கு பவுண்டு, தாது என்றால் 38 பவுண்டு வரை. ஒரு நாளில் அதிக வேலை நடப்பது ஒரு அள்ளு 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.5 கிலோ இருக்கும்போதுதான் என்று டெய்லர் கண்டார். தாதுவுக்குச் சிறிய தகடு, நிலக்கரிக்குப் பெரிய தகடு என்று எட்டுப் பத்து வகை ஷவல்களை ஆலையே வாங்கி வைத்தது.

'ஹோ' என்பது பிரெஞ்சு வழியாக வந்த ஜெர்மானியச் சொல். வெட்டுவதைக் குறிக்கும் 'ஹ்யூ' என்ற ஆங்கில வினைக்கு உறவு. ஆக ஹோ என்றாலும் 'வெட்டி'தான். நம் மண்வெட்டிக்கு நெருங்கிய ஆங்கிலச் சொல் இதுவே. அதற்கும் மேலாக, மண்வெட்டியே ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. தெற்கில் மம்பட்டி என்றும் மம்முட்டி என்றும் பேசும் வடிவம், காலனிய அதிகாரிகளின் எழுத்தில் 'மமோட்டி' ஆனது. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இது ஸ்பேடின் வடிவம் அல்ல, ஹோவின் வடிவம் என்று சரியாகவே குறித்திருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இழுப்பது ஹோ, தள்ளுவது ஷவல் என்ற விதிக்கு ஒரு கருவி விலக்கு. அதன் பெயரே விலக்கை விளக்கிவிடுகிறது. களை எடுக்கும் 'ஸ்கஃபிள் ஹோ'வில் கூரான தட்டைத் தகடு தரைக்கு இணையாக இருக்கும். அதை இழுக்காமல் முன்னே தள்ள வேண்டும். அதனால்தான் தள்ளு வேரிலிருந்து பெயர். டச்சு மொழியில் களை எடுக்கும் இந்தக் கருவிக்கு 'ஸ்கோஃபல்' என்று பெயர். சொல்லின் வடிவில் ஷவலின் உடன்பிறப்பு, கருவியின் வேலையோ வேறு. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதை 'டச்சு ஹோ' என்றும் சொல்வார்கள். தகடு மண்ணுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் போய்க் களையின் கழுத்தை அறுக்கும். பின்னோக்கி நடந்துகொண்டே தள்ளினால் அறுத்த இடத்தை மிதிக்க மாட்டோம். மண் ஈரமாக இருக்கும் நாளில் இதைச் செய்யக் கூடாது. அறுபட்ட களை கிடந்த இடத்திலேயே மறுபடி வேர்விடும்.

பெரிய இயந்திரங்களிலும் இதே பிரிவினைதான். 1839-ல் அமெரிக்கர் வில்லியம் ஓட்டிஸ் காப்புரிமை பெற்ற நீராவி ஷவல், வாளியை இயந்திரத்திலிருந்து வெளியே தள்ளி, மண்சுவரில் மேல்நோக்கிக் கோரி எடுத்தது. பனாமா கால்வாயை வெட்ட அமெரிக்கர்கள் கொண்டுபோனது இந்த வகையைத்தான். 'பேக்ஹோ' வாளியைத் தன்னை நோக்கி இழுத்து, தான் நிற்கும் மட்டத்துக்குக் கீழே தோண்டும். நம் ஊரில் எதைப் பார்த்தாலும் ஜேசிபி என்று சொல்லிவிடுகிறோம். மஞ்சள் வண்டியின் பின்பக்கக் கை இழுப்பதால் ஹோ, முன்பக்க அகல வாளி முட்டித் தள்ளி அள்ளுவதால் ஷவல் வகை வேலை.

ஸ்பேட் வேறு குடும்பம்

ஸ்பேடுக்கும் தள்ளுவதற்கும் சம்பந்தமில்லை. அதன் அடியில் இருப்பது நீண்ட தட்டையான மரத்துண்டு. கிரேக்கத்தில் 'ஸ்பாதே' என்றால் அகன்ற தட்டைப் பலகை, துடுப்பின் அலகு, வாளின் அலகு. லத்தீனில் அது 'ஸ்பாதா', அகன்ற வாள். அதன் குறுகிய வடிவம் 'ஸ்பாட்டுலா'. தோசைக்கல்லில் புரட்டும் தட்டைக்கரண்டிக்கு அந்தப் பெயர். தமிழில் 'துடுப்பு' படகுக்கும் வரும், கேழ்வரகுக் களி கிண்டவும் வரும் அல்லவா, கிரேக்கர்களின் பார்வையும் அதுதான். தாவரவியலில் தென்னம்பாளைக்கும் 'ஸ்பேத்' என்றே பெயர்.

சீட்டாட்டத்தின் இஸ்பேட்டைத் தோண்டும் கருவி என்று நினைப்பவர்கள் அதிகம். அது இத்தாலிய 'ஸ்பாதா', வாள். பழைய இத்தாலியச் சீட்டுகளில் வாள்தான் ஒரு சின்னம். இன்றைய கறுப்புச் சின்னம் பிரெஞ்சுச் சீட்டின் ஈட்டிமுனை. டச்சுக்காரர்கள் அந்தச் சின்னத்தைப் பார்த்து மண் அள்ளும் கருவி என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் இஸ்பேட்டுக்குப் பெயர் 'ஸ்கோப்பன்', அதாவது ஷவல்கள்.

'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்' என்ற தொடர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதைக் குறிக்கும். இதில் வரும் ஸ்பேட் ஒரு மொழிபெயர்ப்புத் தடுமாற்றத்தால் வந்தது. பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய கிரேக்க வரியில், மாசிடோனியர்கள் தொட்டியைத் தொட்டி என்றே சொல்லும் பட்டிக்காட்டு மக்கள் என்று வருகிறது. தொட்டிக்குக் கிரேக்கம் 'ஸ்காஃபே'. பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் அதைத் தோண்டும் கருவிக்கான கிரேக்கச் சொல்லோடு குழப்பி, லத்தீனில் 'லிகோ' என்று பெயர்த்தார். லிகோ நம் மம்பட்டிக்கு நெருங்கியது. 1542-ல் நிக்கோலஸ் யூடால் அதை ஆங்கிலமாக்கியபோது ஸ்பேட் என்றார். தொட்டி மம்பட்டியாகி, மம்பட்டி ஸ்பேட் ஆன கதை இது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சீட்டின் கறுப்பு நிறத்தை வைத்துக் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லவும் ஸ்பேட் என்ற சொல் பயன்பட்டது. பழமொழி அதைவிட மிகப் பழையது என்றாலும், அமெரிக்க வாசகர்களுக்கு எழுதும்போது இந்தத் தொடரைத் தவிர்ப்பது நல்லது.

'ஸ்பிட்' என்ற தோட்டச் சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். எச்சிலுக்கும் இதற்கும் உறவில்லை. ஸ்பேடின் தகடு ஒரு முறை முழுதாக இறங்கும் ஆழம் ஒரு ஸ்பிட், சுமார் 25 சென்டிமீட்டர். இரண்டு ஸ்பிட் ஆழம் கொத்தவும் என்று ஆங்கிலத் தோட்டக் குறிப்பில் இருந்தால் அரை மீட்டர்.

இந்த இரண்டு குடும்பமும் ஒரே இடத்தில் சந்திப்பது ஒரு பறவையில். குளிர்காலத்தில் வேடந்தாங்கல், கோடியக்கரைப் பக்கமெல்லாம் வந்து இறங்கும் தட்டைவாயன் வாத்துக்கு ஆங்கிலத்தில் 'ஷவலர்'. அலகின் முனை அகன்று, தண்ணீரின் மேற்பரப்பை முன்னே தள்ளிக்கொண்டு போய் இரையை வடிகட்டும். அறிவியல் பெயரின் முதல் பாதி 'ஸ்பாட்டுலா'. ஆனால் பழைய ஆங்கிலப் பறவைப் பட்டியல்களைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: முதலில் ஷவலர் என்றால் கரண்டிவாயன் நாரை. வாத்துக்கு அந்தப் பெயர் பின்னால்தான் மாறியது.

இன்றைய வழக்கில்

வினையாகவும் ஷவல் நிறையப் பயன்படுகிறது. பனியை ஷவல் செய்வார்கள், சாப்பாட்டை அவசர அவசரமாக வாய்க்குள் அள்ளிப் போடுவதையும் ஷவல் என்பார்கள். தரம் பார்க்காமல் அள்ளிக் கொட்டுவது என்ற வாடை அதில் உண்டு. 1990-களில் குறுந்தகடு நிறையும்வரை கண்ட மென்பொருளையும் திணித்து விற்றபோது அதற்கு 'ஷவல்வேர்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

'ஷவல்-ரெடி' என்பதில் அந்த வாடை இல்லை. 2008-ன் இறுதியில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்திருந்தபோது, பதவியேற்கவிருந்த ஒபாமா இந்தத் தொடரைப் பயன்படுத்தியதும் அது பத்திரிகைகளில் பரவியது. இதை 'கருவிகள் தயார்' என்று பெயர்ப்பது பிழை. வரைபடம், நிலம், அனுமதிகள் எல்லாம் முடிந்து, பணம் வந்த மறுநாளே மண்ணைத் தோண்டத் தொடங்கலாம் என்ற நிலையில் இருக்கும் திட்டம் ஷவல்-ரெடி. ஒப்பந்த ஆவணத்தில் இந்தச் சொல் வந்தால், எந்தெந்த அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.